நான் எழுதிக் கொடுத்த நற்சான்று

ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் நாற்காலி முழங்கால் உயரம்கூட இருக்காது. அதில் ஓர் அம்மா ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார், முழங்கால் இரண்டும் மார்பில் முட்ட. ரந்தாவ் ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் வகுப்பாசிரியையாக இருந்த காலம் அது. பக்கத்தில் அவருடைய மகள். ஆட்டிசம் என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள்; கதவு திறந்திருந்தால் லாரி போகும் சாலைக்கு ஓடிவிடுவாள். அம்மாவின் கை முதுகில் இருந்தால் மட்டும் பென்சிலைப் பிடிப்பாள். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலையை விட்டுவிட்டுத்தான் அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். பட்டணத்துப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் மகளுக்கு ஓர் இடம் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காகக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வந்தார். அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பள்ளிகளில் பெண் பார்க்க வருகிற வீட்டு அமர்க்களம்தான். பிள்ளைகள் குறைந்த பள்ளி, யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எங்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது. நானும் என் பங்குக்கு, "இன்னிக்கி மட்டும் கொஞ்சம் கெட்டியா பிடிச்சிக்கங்கம்மா, சத்தம் போடாம இருக்கட்டும்" என்றேன். மணியைக்கூட அடிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். என் புத்தி போன போக்கைப் பாருங்கள். பிள்ளை அன்று தங்கமாக உட்கார்ந்து எழுதினாள். அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். சாதாரண வகுப்பிலேயே சமாளிக்கிறாள், சிறப்பு வகுப்பு தேவையில்லை என்று கடிதம் வந்தது.

மறுபடியும் வந்து பார்க்கச் சொல்லி நானே எழுதிப் போட்டேன். இந்த முறை அம்மாவை வெளியே நிற்கச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ அழுறத காட்டித்தான் கேக்கணுமா டீச்சர்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மணி அடித்தது. பிள்ளை தன் கையைத் தானே கடித்தாள், மேசையில் தலையை மோதினாள். அதிகாரி எழுதி முடிக்கும்வரை நான் அசையாமல் நின்றேன். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவும் நின்றார். அன்றைக்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சிறப்பு வகுப்புக்குத் தகுதி உண்டு, இடம் காலியானதும் அழைக்கிறோம் என்று பதில் வந்தது. எப்போது காலியாகும் என்று அதில் இல்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படித்த தலைமையாசிரியர் பயந்துவிட்டார். பாதுகாப்புக் கருதி, இடம் கிடைக்கும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். "காலையில பள்ளிக்கூடப் பைய மாட்டிக்கிட்டுக் கதவுகிட்டயே நிக்கிறா டீச்சர். நான் பழையபடி வந்து உக்காந்துக்கிறேன் லா. அவளுக்கு ஒன்னும் இல்ல, வகுப்புல நல்லாத்தான் இருக்கான்னு எழுதிக் குடுத்திருங்களேன்."

எழுதிக் கொடுத்தேன். பிள்ளை மறுநாளே வகுப்புக்கு வந்தாள். அந்தக் கடிதம் இலாகாவுக்கும் போய், காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது நான் கோலா பிலா பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். அவள் நான்காம் ஆண்டு. போன மாதம் பழைய பள்ளியின் புது ஆசிரியை கைப்பேசியில் அழைத்தார்.

"திரும்பவும் மனு போட்டோம் டீச்சர். இலாகாவுல ஒங்க கடுதாசியத்தான் காட்டுறாங்க, பிள்ளைக்கு ஒன்னும் இல்லன்னு. இப்ப நான் என்னா எழுதணும்?"

அதே மூச்சில், "அந்த அம்மா வகுப்புலதான் உக்காந்திருக்காங்க. பேசுறீங்களா?" என்றார்.

வேண்டாம் என்றேன்.