தொட்டித் தண்ணீரும் தக்காளிச் செடியும்

மீன் தொட்டியைச் சுத்தம் செய்வது என்றால் பலரும் கண்ணாடியைத் துடைப்பதைத்தான் நினைக்கிறார்கள். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசி நம் கண்ணுக்குத்தான் தொந்தரவு, மீனுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்டு அடியில் அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. வடிகட்டியின் ஸ்பொன்ஜில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் நஞ்சு. மூன்றாவதான நைத்திரேற்று அளவோடு இருந்தால் மீனுக்குப் பாதகமில்லை, செடிகளுக்கோ அது சாப்பாடு.

இதெல்லாம் எனக்குத் தொழில்முறையில் தெரியும். பதுளையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வேலை கிடைத்ததும் அம்மாவும் நானும் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு வருடம் கழித்து முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து ஆறு தங்கமீன்கள் விட்டேன். பதுளைக் குளிருக்கு அவைதான் தோது, தண்ணீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. ஆனால் தங்கமீன் உடம்பின் அளவுக்கு மிஞ்சிக் கழிக்கும் மீன். அதனால் ஒழுங்கை விடாமல் கடைப்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ரப்பர்க் குழாயை அடியில் பரப்பிய கல்லுக்குள் விட்டு, அழுக்கோடு சேர்த்துக் கால்வாசித் தண்ணீரை வாளிக்கு இழுப்பேன். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பொன்ஜை ஒருமுறை பிழிவேன். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். முதல் நாளே பிடித்து வைத்து குளோரின் போன தண்ணீரைத் திரும்ப ஊற்றுவேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அழுக்கு வாளியைச் சாக்கடையில் கொட்டப் பின்கதவுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா வழிமறித்தார்.

"ஏய், ஏய், எங்க கொண்டு போற அத?"

"கான்ல ஊத்தத்தான்."

"குடு இங்க. நல்லா சாணித் தண்ணி மாதிரி இருக்கு, அதப் போயி கான்ல ஊத்துறாளாம்."

எங்கள் பின்முற்றம் முழுக்க சிமெந்து. வந்து ஒரு வருடமாகியும் அம்மா அங்கே ஒன்றும் நட்டதில்லை. "சிமெந்துல என்னத்த நடுறது?" என்று கேட்டுவிட்டு, கதவருகே சும்மா உட்கார்ந்திருப்பார். பிள்ளைப் பருவத்திலிருந்து கை மண்ணை விட்டு விலகாத மனுஷி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாளி கைக்குப் போன அடுத்த கிழமையே பழைய உரப் பைகள் வந்தன, மண் வந்தது, தக்காளியும் கொச்சிக்காயும் வந்தன. சில மாதங்களில் சுவரோரம் பச்சையாகிவிட்டது. ஞாயிறு காலையில் நான் குழாயை எடுக்கும் முன்பே வாளியை வைத்துக்கொண்டு நிற்பார்.

அதன் பிறகுதான் தொட்டித் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது.

அமோனியாச் சோதனையில் சோதனைக் குழாய் மஞ்சளாக இருக்க வேண்டும். கரும்பச்சை காட்டியது. ஒரு மீன் செத்தது. பின்னால் இன்னொன்று. மீதி நான்கில் மூன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வால் ஓரத்தில் கறுப்புக் கரை உள்ள நான்காவது, செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் அடியிலேயே கிடந்தது.

காரணங்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கல்லுக்குப் பின்னால் செத்த மீன் எதுவும் சிக்கியிருக்கவில்லை. ஸ்பொன்ஜ் அடைபடவில்லை. குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்தேன், குற்றமில்லை. புது மீன் விடவில்லை. தீனி? காலையில் நான் போடும் சிட்டிகையை அவை நான் பையைத் தோளில் மாட்டுவதற்குள் தின்று முடித்துவிடும். பட்டியல் தீர்ந்துவிட்டது, காரணம் அகப்படவில்லை.

அதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினால் அளவு இறங்கும். மறுநாள் மாலை பார்த்தால் முன்பிருந்ததைவிடக் கூடியிருக்கும். கூடுதலாக மாற்றினேன், கூடுதலாக ஏறியது. இரசாயனத்துக்கு வீம்பு கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாரோ என்னோடு போட்டி போடுவதுபோல் இருந்தது. பயத்தைவிட எனக்கு அது என்னவென்று அறியும் ஆவல்தான் அதிகம்.

மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"ஸ்பொன்ஜ குழாய்த் தண்ணில கழுவினீங்களா தங்கச்சி?"

"இல்ல நானா."

"சவர்க்காரம் கிவர்க்காரம்?"

"நானா!"

"கோவிக்காதீங்க. போன கிழம ஒருத்தர் மீனையே சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு வந்து நிக்கிறார், மீன் பழுதாம், மாத்தித் தரட்டாம்." சிரித்துவிட்டுக் கேட்டார். "வீட்ல வேற ஆரும் தீனி போடுறதா?"

"நான் மட்டுந்தான்."

அதை எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

"அப்ப எனக்கும் வெளங்குதில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி வரல்லன்னா கொண்டு வந்து என்ட பெரிய தொட்டில விடுங்க. செத்த பொறகு கொண்டு வராதீங்க, என்ன?"

அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன், மீன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்று. அம்மா கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப தண்ணி?"

"எந்தத் தண்ணி?"

"செடிக்குத்தான். இப்பவே நீ சும்மா சும்மா மாத்துற. வாளியில வெளுத்துப்போயி வருது, ஒரு சத்தும் இல்ல. காயெல்லாம் பிஞ்சுலயே நிக்குது."

எனக்கு மீன் கவலை, அவருக்குத் தக்காளிக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். மீன் போனால் அவர் திரும்பவும் கதவருகே போய் உட்கார்ந்துவிடுவாரோ என்றும் நினைத்தேன்.

பௌர்ணமி போயா விடுமுறையன்று வடிகட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த கல்லைக் கிளறினேன். பழுப்பு நிறத்தில் சக்கை மாதிரி ஏதோ குழாயில் ஏறி வந்தது. மீன் கழிவு இப்படி இருக்காது. என் தீனி சிவப்பு உருண்டை. கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்தேன். தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் எங்கள் மாடு நின்ற கொட்டில் அப்படியே மூக்குக்குள் வந்தது. புண்ணாக்கு!

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தொட்டிக்குள்ள புண்ணாக்குப் போட்டியா?"

"ஆமா." துருவல் நிற்கவில்லை. "நீ வேலைக்குப் போன பெறகு, ஒரு கை."

"ஒரு கையா!"

"மொதல்ல ஒரு சிட்டிகதான். நீதான் தண்ணிய மாத்தி மாத்தி சத்தையெல்லாம் எடுத்துட்டியே. அதான் கூட்டுனேன்."

நான் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை. இத்தனை நாள் புரியாத ஏற்ற இறக்கம் முழுவதும் ஒரே நொடியில் பொருந்தியதில் ஒரு நிம்மதி. போட்டி போட்டது உண்மையிலேயே ஒரு ஆள்தான்.

"அம்மா, அது மாடு இல்ல."

"தெரியும்டி. கொம்பு இல்லையே." பிறகு நியாயம் சொன்னார். "மாட்டுக்குப் புண்ணாக்கு வச்சா சாணி நல்லா வரும். இதுவும் தின்னுட்டுத்தானே போடுது?"

"இதுங்க தின்னல. எல்லாம் அடியில அழுகிக் கெடக்கு. அந்த அழுகல்தான் ரெண்டு மீனையும் கொன்னுச்சு."

துருவல் நின்றது. "நான் போட்டதுனாலயா?"

வேறு மாதிரிச் சொல்ல முடியவில்லை. "ஆமா."

எழுந்து வந்து தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார். "வாயத் தெறந்து தெறந்து மூடுச்சுங்களே. பசிக்குதாக்கும்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

"அது மூச்சு முட்டி மேல வர்றது."

"அடப் பாவிங்களா," என்றார் மீன்களைப் பார்த்து. "ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

கல்லுக்குள் கிடந்த புண்ணாக்கு முழுவதையும் உறிஞ்சி எடுத்தேன். தினமும் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினேன். ஒரே நாளில் முழுவதையும் மாற்றினால் ஏற்கெனவே தளர்ந்த மீனுக்கு அதிர்ச்சி. என் சிட்டிகைத் தீனியையும் நிறுத்தினேன். "நான் போட்டுக் கொன்னேன், நீ போடாமக் கொல்லப் போற," என்று அம்மா முனகினார். ஆனாலும் தொட்டிப் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை. மிஞ்சிய புண்ணாக்கை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு முற்றத்தில் வைத்தார். செடிக்கு நேராகவே கொடுப்பதென்றால் மீனை எதற்கு நடுவில் இழுக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஊறிய வாளி நாறிய நாற்றத்தில் அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு மேலால் எட்டி, "எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார்.

தொட்டியில் பால் நிறம் மெல்லக் கலைந்தது. கரும்பச்சை இளம்பச்சையாகி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சளில் வந்து நின்றது. கறுப்பு வால்காரன் மூலையை விட்டு மேலே வந்து, நான் போட்ட ஒரு உருண்டையை விழுங்கி, துப்பி, மறுபடி விழுங்கினான். நானாவிடம் போகும் வேலை இல்லாமல் போயிற்று.

அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வெறும் பச்சத் தண்ணி."

நான் அதில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து நைத்திரேற்றுச் சோதனைத் துளிகளை விட்டுக் குலுக்கினேன். மஞ்சளாக இருந்தது மெதுவாகச் செம்மஞ்சளாகி, பிறகு சிவந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"இந்தச் செவப்புதான் உன் செடிக்குச் சாப்பாடு. அழுக்கு கண்ணுக்குத் தெரியலன்னா சத்து இல்லன்னு அர்த்தம் இல்ல."

"இந்தத் தெளிஞ்ச தண்ணியிலயா?"

"இதுலதான்."

குழாயையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. நீ சொல்றேன்னு ஊத்துறேன்," என்றார். முழுதாக நம்பினாரா என்று தெரியாது. காய் பிடித்த பைகளுக்கு அன்று தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்றினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழாயைக் குலுக்கும்போதே பின்னாலிருந்து கேள்வி வருகிறது. "செவந்துச்சா?" மீன் வளர்க்கிற எவரும் அது மிகவும் சிவந்துவிடக் கூடாது என்றுதான் பார்ப்பார்கள். அம்மாவுக்கு எவ்வளவு சிவந்தாலும் போதாது. ஆகவே செம்மஞ்சளில் நிறுத்தப் பார்க்கிறேன். நான்கு மீனும் அதைத் தாங்குகின்றன. தக்காளியும் காய்க்கிறது.