பெண் பார்க்கப் போன உடுப்பு

பாவாடை கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போன ஆண்பிள்ளை, மதுரை ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் என் தாய்மாமன் ஒருவராகத்தான் இருப்பார். திண்டுக்கல்லுக்கு அப்போது தனி ஜில்லா கிடையாது. மானம் போவதென்றால் மதுரை வரைக்கும் போகும்.

மாமா ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். வெள்ளைக்காரன் போன பிறகு பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் ஏலம் விட்டார்கள். செட்டு முதலாளி போய் ஒரு மூட்டையை எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை! முழங்கால் வரைக்கும் வரும், பின்பக்கம் கொசுவம் கொசுவமாக மடிப்பு இருக்கும். இதற்குக் கில்ட் என்று பேர், சீமையில் மலைநாட்டுச் சிப்பாய்கள் கட்டுவது என்று முதலாளி சத்தியம் செய்தார். மற்ற ஆட்கள் ஊர்வலத்துக்கு வேண்டாவெறுப்பாகக் கட்டி, முடிந்ததும் அவிழ்த்து எறிந்தார்கள். எங்கள் மாமா மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கொண்டுவந்ததோடு விட்டாரா? அதற்குச் சட்டதிட்டம் வேறு போட்டார். கடை கண்ணிக்குப் போவதென்றால் கில்ட்டும் அரைக்கைச் சட்டையும் போதும். விசேஷமென்றால் மேலே பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு வேண்டும், முழங்கால் வரை கம்பளிக் காலுறை வேண்டும், லாடம் அடித்த பூட்ஸ் வேண்டும். இடுப்புக்கு முன்னால் ஒரு தோல்பை தொங்க வேண்டும். அந்தப் பையைப் பேகம்பூரில் ஒரு தோல் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, தைக்கிறவர் உயிரை வாங்கித் தைத்து வந்தார்.

“விசேசத்துக்குப் பை உண்டு, சாதாவுக்குப் பை கெடையாது. மாத்திக் கட்டுனா சீமையில சிரிப்பாங்கக்கா” என்பார் அம்மாவிடம்.

“சீமையில சிரிக்கிறது கெடக்கட்டும்டா, சந்தையில சிரிக்கிறாங்க” என்பாள் அம்மா.

சித்திரை வெயிலில் கம்பளி கட்டினால் என்ன ஆகும்? இடுப்பெல்லாம் வேர்க்குரு வெடித்துக் கிடக்கும். அம்மா திட்டிக்கொண்டே வேப்பிலை அரைத்துக் கொடுப்பாள். மாமா அதைப் பூசிக் காயவிட்டு, மறுபடியும் அதையே கட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. “உங்க மாமாவும் நீயும் பாவாடைய மாத்தி மாத்திக் கட்டிக்கிருவீங்களா?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்காத பெண் இல்லை. சாமி கும்பிடும்போதெல்லாம், அந்தக் கில்ட்டை எலி கடிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வேன். எலிகூட அதை மதிக்கவில்லை.

மாமாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பேண்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கடைசியில் குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த பூமியில் ஒரு ஊரில் ஒரு இடம் அமைந்தது. இதுவும் தட்டிப்போனால் அவன் சந்நியாசம்தான், இனி என்னால் அலைய முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். எட்டு முழ வேட்டி ஒன்றைக் கஞ்சி போட்டு, சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் பெட்டி மேல் வைத்தாள். அப்பாவுக்கும் அதேபோல் ஒன்று.

காலையில் அப்பா வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, கல்யாண மாப்பிள்ளை போலவே வந்து நின்றார். மாப்பிள்ளையாக வேண்டியவர் உள்ளேயிருந்து டக் டக்கென்று வந்தார். கோட்டு, கில்ட், காலுறை, பூட்ஸ், தோல்பை, ஒன்றும் பாக்கியில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏலே, பொண்ணு பாக்கப் போறமா, கூத்துக்கட்டப் போறமா?”

“இதவிடப் பெரிய விசேசம் எனக்கு எதுக்கா?”

“ஊரு ஒலகத்துல விசேசத்துக்கு வேட்டிதான்டா கட்டுவாங்க.”

“வேட்டி கட்டிப் போனா நான் யாருன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா, “விடு, பஸ்ஸு போயிரும்” என்றார். கட்டிய வேட்டியை அவிழ்த்து மாமா முகத்தில் எறிந்திருந்தால் அப்பாவை நான் மெச்சியிருப்பேன். அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கிற ஆளில்லை.

பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளை மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நான் மாமாவைத் தெரியாதவள் மாதிரி சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவரோ, “புள்ள, பையி நேரா இருக்கா பாரு” என்று என்னிடமே கேட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு புளியமரம். அங்கே அப்பா நின்றார். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அம்மாவும் தன் செருப்பைக் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டாள். எனக்குச் செருப்பே கிடையாது. புதுச் செருப்பு இரண்டு பேரையும் கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மாமாவின் கையைப் பிடித்தாள். “தம்பி, பூட்ஸையாவது கழட்டிர்றா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.” அவள் குரல் இறங்கிக் கெஞ்சியது.

“இது உடுப்புக்கா. உடுப்பப் பாதி கழட்டப்படாது” என்றார் மாமா.

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். நான்கூட, “கழட்டுங்களேன் மாமா!” என்று காலை உதைத்தேன். அவர் தோல்பையை நேராக்கிக்கொண்டு தெருவுக்குள் நடந்தார்.

பெண் வீடு அந்தத் தெருவைத் தாண்டி, ஊரின் கடைசியில் இருந்தது. பாதித் தெருவில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கிருதா வைத்த பெரியவர் ஒருவர் அப்பாவைப் பார்த்து, “யாருடா நீங்க? என்னடா வேசம் இது?” என்றார்.

அப்பா குனிந்து, “திண்டுக்கல்லுங்க சாமி. சம்பந்தம் பேச வந்தோம்” என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அப்பா பேசி நான் கேட்டதில்லை.

பெரியவரின் கண் மாமாவின் பூட்ஸில் நின்றது. வாயைத் திறந்தார். அதற்குள் மாமா இரண்டு காலையும் டக்கென்று சேர்த்து, கல்லுப்போல நிமிர்ந்து, ஒரு சல்யூட் அடித்தார். கில்ட்டின் மடிப்பு விசிறியாட்டம் ஒருதரம் விரிந்து அடங்கியது. பெஞ்சுக்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பெரியவரும் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். “கூத்தாடிப் பய. போ, போ” என்று கையை ஆட்டினார்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடிவந்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. மாமா தோளை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் போவது மாதிரி டக் டக்கென்று தெருக்கோடி வரைக்கும் நடந்தார்.

காப்பி ஆறுவதற்குள் பெண் சம்மதம் சொல்லிவிட்டாள். எனக்கு நம்பவே முடியவில்லை. பாவம், கண்ணில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் எங்கள் அத்தையாகி, நானும் வளர்ந்து பெரியவளான பிறகு ஒருநாள், அந்த வேஷத்தைப் பார்த்துமா சரி என்றீர்கள் என்று கேட்டேன்.

“வேசத்த யாரு பாத்தா?” என்றாள் அத்தை. “எங்க ஊரு பெரிய தெருவுல நம்ம ஆளுக செருப்புப் போட்டு நடந்து நான் பாத்ததே இல்ல. போட்டா மரத்துல கட்டிவச்சு அடிப்பாங்க. அன்னைக்கு டக்கு டக்குன்னு பூட்ஸு சத்தம் வருது. போலீசுன்னு நெனச்சு எங்கய்யா பதறி எந்திரிச்சுட்டாரு. பாத்தா ஒங்க மாமா. மூஞ்சிய அதுக்கப்புறந்தான் பாத்தேன்.”

அன்றைக்கு இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போதும் அதே தெருவில், அதே சிரிப்புக்கு நடுவில்தான் வந்தோம். புளியமரத்தடியில் அப்பா செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். அம்மாவும் பையைத் திறந்தாள். துண்டை அப்பா உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“விசேசத்துக்கு எப்படி உடுத்தணும்னு எங்க அப்பாவப் பாத்துக் கத்துக்கங்க மாமா” என்றேன். “எம்புட்டு மரியாதையா இருக்காரு பாருங்க. ஒங்களப் பாத்துத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவப் பாத்து யாராச்சும் சிரிச்சாங்களா?”

மாமா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். அம்மா என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். நல்லதைத்தானே சொன்னேன், அப்பாவைப் பெருமையாகத்தானே சொன்னேன், எதற்கு அடித்தாய், எதற்கு அடித்தாய் என்று திண்டுக்கல் வந்து சேரும்வரை அழுதுகொண்டே கேட்டேன். அப்பா வழிநெடுக முகத்தைச் சன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தார்.