பார்சல் கிடையாது

கிழக்கு டெக்சாஸில், பைன் காட்டுச் சாலையோரம் ஒரு கேக் கடை. மேசையில் கேக்குக்குப் பக்கத்திலேயே இலவச எச்.ஐ.வி. பரிசோதனைக் கிட்டுகள். கடைக்காரக் கறுப்பினப் பாட்டி, கேட்பதற்கு முன்பே சொல்கிறார்:

“சுட்டது என் பேத்தி. அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கு; மாத்திரையை தினம் நான்தான் எடுத்துக் குடுக்கறேன். கேக்கால ஒட்டாது. எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னது அவதான்.”

பேத்தி பின்னால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“ரெண்டு துண்டு பார்சல், மேம்,” என்கிறேன்.

“பார்சல் கிடையாது, கண்ணு. பாவம்னு வாங்கிட்டு, அடுத்த வளைவுல தூக்கிப் போட்டுடறாங்க. நாங்க சர்ச்சுக்குப் போற வழி அது.”

காரிலிருக்கும் கணவரையும் கூப்பிடுகிறேன். நின்றபடியே சாப்பிடுகிறோம். முதல் வாயை நான் விழுங்கும்வரை, பேத்தியின் கையில் துணி அசையவில்லை.