இரவல் பெயரில் தீர்த்த புகார்கள்

இது சத்தியமாக நடந்த கதை. நடந்தது என் சொந்தக் கொழுந்தியாளுக்கு. பார்த்தது என் இரண்டு கண். ஆனால் ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாய்க்குள் போன எதுவும் போன அளவிலேயே வெளியே வந்ததில்லை. பூனையைக் கொடுத்தால் பிடரி மயிர் வைத்துத்தான் திருப்பி அனுப்புவேன்.

நான் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். அந்தக் கம்பெனிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாலை ஷிப்ட் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தபோது இதை மூன்று பேருக்குச் சொன்னேன். ஜெனரேட்டர் பார்க்கிறவர் ஒருவர், லிப்ட் மெக்கானிக் ஒருவர், ஆறாவது மாடியைக் கூட்டித் துடைக்கிற அக்கா ஒருத்தர். அவர்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கைக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் வக்கீல். பிறந்ததும் அழச் சொல்லித் தட்டிய நர்ஸிடம் "எதுக்கு?" என்று கேட்டவள். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கடையில் கூட்டம், வரிசை தெருமுனை தாண்டி அடுத்த ஊருக்கே போய்விட்டது. இவள் மேசைக்கடியில் குனிந்து, எதையோ பிடுங்கி எதையோ சொருகி, அதை எழுப்பிவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பித்து. விடுமுறை நாளெல்லாம் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழும் வாங்கினாள். அதை எடுத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம் அனுபவம் எங்கே என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

கடைசியில் ஓர் ஏஜென்சிக்காரன் அவளைத் தற்காலிக ஆளாக நான் வேன் ஓட்டும் இதே கட்டடத்தில் நுழைத்துவிட்டான். ஏழாவது மாடி, உதவி மையம். எந்த மாடியில் பாஸ்வேர்டு மறந்தாலும், பிரிண்டர் காகிதத்தை மென்றாலும், புகார் அங்கே வந்து விழும். யார் தீர்த்தாரோ அவர் பெயரில் அது மூடப்படும். நிரந்தர ஆளுக்குக் கழுத்தில் நீலப் பட்டை, தற்காலிகத்துக்கு மஞ்சள்.

"ஒரே வருஷம், மாமா. மஞ்சள்ல நுழைஞ்சு நீலத்துல நிக்கிறேனா இல்லையான்னு பாருங்க" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த நீலம் ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது.

மஞ்சள் பட்டைக்கு ஒரு நோய் உண்டு. தொண்ணூறு நாளுக்கு ஒரு தரம் அவர்களுடைய லாகின் செத்துப்போகும். ஏஜென்சி கடிதம் எழுதி, கம்பெனி கையெழுத்துப் போட்டு, மறுபடி உயிர் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஆளைச் சும்மா உட்கார வைப்பார்களா? அதனால் அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்து நீலப் பட்டைக்காரர் தன் லாகினை இரவல் தருவார். சட்டப்படி அது பெரிய குற்றம், மாட்டினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். ஆனால் அங்கே அதைச் செய்யாதவர் யாருமில்லை. மேலாளர் அந்தப் பக்கம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பறவை பார்ப்பார்.

வக்கீலுக்குக் கொடுத்தவர் ஒரு சீனியர். நல்ல மனுஷன், அதை மறைக்க மாட்டேன். கேட்பதற்கு முன்பே துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். "வச்சுக்கோம்மா, வேலை நடக்கணும், அவ்வளவுதானே?"

அவள் செய்த தப்பு இதுதான். தன் லாகினுக்கு உயிர் வந்த பிறகும் அவருடையதை விடவில்லை. மஞ்சள் லாகினை வைத்து மவுஸ் மாற்றலாம், பாஸ்வேர்டு மாற்றலாம், சர்வர் பக்கம் தலை காட்ட முடியாது. அவர் லாகினில் எல்லாக் கதவும் திறந்தது. வேலை கற்றுக்கொள்ள அதை விட்டால் வேறு வழியில்லை. கற்றாள், பேய் பிடித்த மாதிரி கற்றாள். ஒரு நாள் கட்டடம் முழுக்க மெயில் நின்றுபோய், பன்னிரண்டு மாடியும் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. நாலு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதை எழுப்பியது அவள்தான். சீனியர் பக்கத்தில் நின்று விசிறாத குறை. புகார் அவர் பெயரில் மூடப்பட்டது. உன் பெயர் எங்கே என்று வேனில் கேட்டேன். வேலை கைக்கு வந்துவிட்டது, பெயர் பின்னாலேயே வரும் என்றாள்.

பதினாலாவது மாதம் சர்வர் பிரிவில் ஒரு நிரந்தர இடம் விழுந்தது. மஞ்சள் பட்டையும் கேட்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் தீர்த்த புகார்ப் பட்டியலை இணைக்க வேண்டும். எடுத்துப் பார்த்தாள். அவள் பெயரில் மவுஸ், கீபோர்டு, பாஸ்வேர்டு, மறுபடி மவுஸ். எலி பிடிக்கிறவள் பட்டியல் மாதிரி இருந்தது. பெரிய வேலையெல்லாம் சீனியர் பெயரில். அதற்காகத்தான் அவரை அதற்கு முந்தின மாதம் சர்வர் பிரிவுக்குத் தலைவராக்கியிருந்தார்கள்.

அவரிடமே போய்க் கேட்டாள். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாம் நீ செஞ்சதுதாம்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் வாயத் திறந்தா ரெண்டு பேரும் வெளிய போகணும். இன்டர்வியூல நான்தானே உக்காருவேன். பாத்துக்கறேன், கவலப்படாத."

இன்டர்வியூ அன்று காலை வேனில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த அந்தப் பட்டியலை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"மாமா, மெயில எழுப்புனது நான்தான்னு சொல்லிடவா?"

"சொன்னா ரெண்டு பேரும் தெருவுல நிப்பீங்க. அவர்தான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாருல்ல, வாய மூடிக்கிட்டு இரு."

இந்த இடத்தில் நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் சீனியர். சர்வர் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். இவள் சீனியரைப் பார்த்தாள். சீனியர் காகிதத்தைப் பார்த்தார். அவரே வாயைத் திறந்தார். "பட்டியல்ல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இடம் வெளியாள் ஒருவனுக்குப் போனது. முதல் வாரமே சீனியர் அவனைக் கூட்டிக்கொண்டு இவள் மேசைக்கு வந்தார். தம்பிக்கு எல்லாம் காட்டிக் கொடு என்றார். அவளுடைய லாகினில் சர்வர் திறக்காது என்று அவரே யோசித்து, தன் புதுப் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். வாங்கிக்கொண்டாள். போன திங்கட்கிழமை அவளுடைய லாகின் மறுபடி செத்தது. எத்தனையாவது சாவு என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

இங்கே நிறுத்தினேன். ஜெனரேட்டர்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். தப்பு அந்தப் பெண் மேல்தான், அடுத்தவன் பெயரில் உழைக்கச் சொல்லி யார் கழுத்தைப் பிடித்தார்கள் என்றார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அவள் உழைப்பில் ஏறி உட்கார்ந்து அவளையே கேள்வி கேட்ட அந்த ஆள் மனுஷனா என்று, துடைப்பத்தைத் தரையில் தட்டித் தட்டிக் கேட்டார். லிப்ட் மெக்கானிக் என் பக்கம் விரலை நீட்டினான்.

"தப்பு இவன் மேலதான். அவ சொல்லத்தான் கிளம்பினா. வாய அடைச்சது இவன்."

"அவ வேலை போயிடக் கூடாதுன்னுதான்யா..."

"மூணு மாசத்துக்கு ஒருக்கா சாகற வேலை. அது போனா என்ன, இருந்தா என்ன?" என்று அக்காவும் என் மேலேயே திரும்பிவிட்டார்.

ஜெனரேட்டர்காரர் எனக்குப் பரிந்து பேச எழுந்தார். பேசுகிற வேகத்தில் மெக்கானிக்கின் ஸ்பானர் பெட்டியை உதைத்துவிட்டார். சாமான் எல்லாம் தரையில் சிதறி உருண்டன. பொறுக்கிக் கொடு என்றான் மெக்கானிக். முதலில் நீ இந்த வேன்காரரிடம் மன்னிப்புக் கேள், பிறகு பொறுக்குகிறேன் என்றார் ஜெனரேட்டர்காரர். அதற்குள் லிப்ட் கதவு திறந்து ஷிப்ட் ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அதோ அவளே வரா. அவகிட்டயே கேட்டுடலாம், யார் தப்புன்னு" என்றார் அக்கா.

"கேக்காதீங்கக்கா" என்று நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏன் கேக்கக் கூடாது?" என்று மெக்கானிக் என் சட்டையைப் பிடித்தான்.