குற்றாலத்துக்குப் போன கடிதங்கள்

அருமைநாயகம் சித்தப்பா ஒன்பது வருஷம் ஒரு மனிதரை வெறுத்தார். அந்த வெறுப்புதான் அவரைக் கவுன்சிலர் ஆக்கியது.

1904இல் அவர் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர் முனிசிபாலிட்டியில் குமாஸ்தா. சேர்மன் பிச்சைக்கண்ணு பிள்ளை ஆனி பிறந்தால் குற்றாலம் போவார். சாரல் ஓய்ந்த பிறகே திரும்புவார். மூன்று மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வராத எவருக்கும், சேர்மனே ஆனாலும், பதவி தானாகப் போய்விடும் என்பது சட்டம். ஆகவே அவர் உத்தரவுப்படி, வராத கூட்டத்துக்கும் வந்ததாகச் சித்தப்பா வருகைப் புத்தகத்தில் எழுதுவார்.

அந்த வருஷம் மேலதிகாரி ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். குமாஸ்தா தானாகச் செய்த திருட்டுத்தனம் என்றார் சேர்மன். எல்லார் முன்னும் தலைப்பாகையைக் கழற்ற வைத்து, சித்தப்பாவை வெறுந்தலையோடு கடைத்தெரு வழியே அனுப்பினார். அதன்பின் சேர்மன் ஆடியில் ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் ரயிலேறி வந்து தலைகாட்டிவிட்டுப் போவார்.

வேலை போன சித்தப்பா தாலுகா கச்சேரி வாசலில் பிறருக்கு மனு எழுதிப் பிழைத்தார். நான் அப்போது மிஷன் துரைசானிக்குத் துணையாக அயர்லாந்தில், டப்ளினில் இருந்தேன். நிலச்சுவான்தார் ஒருவன் வீட்டைவிட்டு விரட்டிய குடும்பத்தில் பிறந்த ஐரிஷ் உறுப்பினர் ஒருவரைப் பற்றிச் சித்தப்பாவுக்கு எழுதினேன். சத்தம் போடாமல், விதிப் புத்தகத்தைக் காட்டியே பார்லிமெண்டை நிறுத்திவைப்பவர். பின்னாளில் மந்திரியும் ஆனார். சித்தப்பா பதிலில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: அந்த நிலச்சுவான்தார் இன்னும் உயிரோடு இருக்கிறானா?

1912இல் சித்தப்பா முனிசிபல் தேர்தலில் ஜெயித்துக் கவுன்சிலரானார். ஜெயித்த மறுநாளே சேர்மன் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டார். பழைய குமாஸ்தா திரும்பி வந்துவிட்டான் என்று சேர்மனுக்குச் சந்தோஷம்.

மறு வருஷம் நான் ஊர் திரும்பியபோது சித்தப்பா குற்றாலத்திலிருந்த சேர்மனுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்: கூட்டத்தில் சாக்கடை விஷயம் மட்டுமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், ஆடியில் அலைய வேண்டாம். கடிதத்தோடு அல்வாவும் போகும். தபாலில் சேர்த்தவள் நான். ஜெபகனி சித்திக்கு மனம் கேட்கவில்லை. அந்த மனிதரை மன்னித்துவிடுங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மன்னிச்சுக்கிடுதேன். கூட்டம் வெள்ளிக்கிழமைல்லா" என்றார் சித்தப்பா.

சேர்மன் கடைசியாக வந்த கூட்டம் மே பதினாறு. ஆகஸ்டு இருபத்திரண்டில் அவர் தலையில் எண்ணெய் மினுங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பார்வையாளர் பெஞ்சில் நான் ஒருத்திதான். சித்தப்பா எழுந்து சட்டத்தின் அந்தப் பிரிவை மெல்ல வாசித்தார். பிறகு வருகைப் புத்தகத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். உபசேர்மன் தேதிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தாண்டிவிட்டது, சேர்மன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்றார்.

"ஏலே, வரவேண்டாம்னு எழுதினது நீதானலே?"

"நாந்தான், ஐயா. முன்ன நீங்க சொன்னதை நான் எழுதினேன். இப்ப நான் எழுதினதை நீங்க நம்பினிய."

சேர்மன் எழுந்து வந்து என் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. வந்தவர் பட்டியலில் என்ன எழுதுவது என்று புது குமாஸ்தா பேனாவைத் தூக்கியபடி விழித்தார்.

"உள்ளதை எழுதும் வே" என்றார் சித்தப்பா.

அன்றைய புத்தகத்தில் பிச்சைக்கண்ணு பிள்ளையின் பெயர் பார்வையாளர் வரிசையில், என் பெயருக்குக் கீழே இருக்கிறது.