உள்ளே ஆள் இருக்கிறார்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் என் வீட்டுக்காரர் தச்சர். இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் அவர் கைவேலை. தன் வீட்டில் மட்டும் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றிவிட்டு, குளிக்கும்போது பாடுவார். பாட்டு கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குரலுக்குப் பயந்தே யாரும் கிட்டே போகமாட்டோம்.

கல்யாணமான புதிதில் எங்கள் மருமகன் தெரியாமல் அந்தக் கதவைத் தள்ளப் போனார். நான் அடுப்படியிலிருந்து, "மாப்பிள்ளை, உள்ளே ஆள் இருக்கு!" என்று கத்தினேன்.

அவர் வெலவெலத்துப்போனார். "பாட்டு நின்னுடுச்சே அத்தை. குளிச்சு முடிச்சுட்டார்னு நினைச்சேன்."

"வாயில சோப்பு போயிருக்கும்" என்றேன்.

கதவு மட்டுமில்லை. தலை வழியாக மாட்டுகிற பனியன் எதையும் என் வீட்டுக்காரர் போடமாட்டார். முன்பக்கம் பொத்தான் இருக்க வேண்டும். எட்டாவது மாடியில் வேலை என்றாலும் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறித்தான் போவார். ஏன் லிஃப்டில் போகவில்லை என்று கேட்டால், காலுக்கு நல்லது என்பார். உண்மையான காரணம் எனக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கடவுள் பேரில் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். கொடுத்த சத்தியம் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது. இறக்கவும் முடியவில்லை, சுமக்கவும் முடியவில்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் படப்பிடிப்பு நிலையத்தில் அரங்கு போடும் தச்சர். ஆள் நெட்டை. அங்கே எல்லாரும் அவரை 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் வேற்றுக்கிரகத்துக் கதை ஒன்று படமாக வந்து சக்கைப்போடு போட்டிருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் ஓர் அரக்கன். அவன் திரையில் வந்தால் குழந்தைகள் நாற்காலிக்கு அடியில் போய்விடும். அந்த அரக்கன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று இன்னொரு படம் எடுக்கக் கிளம்பினார்கள். கதை முந்தியது, படம் பிந்தியது. பிள்ளை பிறந்த பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அரக்கன் உடையை ஒரு நடிகருக்கு அளவெடுத்து ரப்பரில் செய்திருந்தார்கள். பாதிப் படத்தில் அந்த நடிகர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். உடைக்குப் பொருந்துகிற உயரத்தில் ஆள் தேடியபோது, உத்தரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஏணி அவர்கள் கண்ணில் பட்டார். ஆசையாகத்தான் போனார். "அரக்கன் பொண்டாட்டி, தண்ணி கொண்டா" என்று வீட்டில் என்னை வம்புக்கு இழுப்பார்.

உடையை முதுகுப் பக்கம் ஜிப் போட்டு மூடுவார்கள். ஜிப் தெரியாமலிருக்க அதன்மேல் ரப்பர் பட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். கையில் மூன்று விரல் உறை. தானாகக் கழற்ற வழியே இல்லை. உள்ளேயிருந்து பேசினால் வெளியே கேட்காது. அரக்கன் தலைக்குள் கையகல மின்விசிறி ஒன்று ஓடும். அவருக்கு மூச்சு அதுதான்.

ஒருநாள் சிறைக் காட்சி எடுத்தார்கள். அரக்கன் அறைக்குள் நடந்துபோய் மூலையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மின்விசிறி 'கிர்'ரென்று இரைகிறது என்று ஒலிப்பதிவுக்காரர் முகம் சுளித்தார். நிறுத்திவிட்டார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு அரக்கனுக்கு வேறொருவர்தான் குரல் கொடுக்கப் போகிறார், அங்கே எழும் சத்தம் எதுவுமே படத்துக்குத் தேவையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேமரா ஓடினால் சத்தத்தை நிறுத்துவது அவர்கள் கைப்பழக்கம். விசிறிதான் உள்ளே இருப்பவருக்கு மூச்சு என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நடந்தார். காற்று இல்லை. சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தார். மண்டியிட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியதெல்லாம் ரப்பருக்குள்ளேயே நின்றுபோனது. முகமூடிக்குள் தேங்கியிருந்த வேர்வை கண் துளை வழியாக வழிந்தது. அரக்கன் அழுகிறான் என்று இயக்குநர் சொக்கிப்போய் நின்றுவிட்டார். அவர் எப்போது 'கட்' சொன்னார் என்றே இவருக்குத் தெரியாது. பட்டையைப் பிரித்து வெளியே இழுத்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"அத்தனை பேர் கைதட்டும்போது மூச்சு முட்டிச்சுன்னு எப்படி சொல்றது?" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, நிலைப்படிக்கு நேரே தரையில் படுத்திருந்தார். "இவ்வளவு நெட்டையா வளர்ந்தவன் பயந்துட்டான்னு சிரிப்பாங்க. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே."

அந்தப் படத்தோடு படப்பிடிப்பு வேலைக்கே போகாமல் நின்றுவிட்டார்.

படம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அரக்கன் அழுகிற இடம்தான் படத்தின் உயிர் என்றார்கள் ஒரு கட்சிக்காரர்கள். அரக்கனை அழவைத்து முதல் படத்தையே கெடுத்துவிட்டார்கள் என்றார்கள் மற்றவர்கள். ஏன் அழுதான், யாரை நினைத்து அழுதான் என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை.

கடவுள் விளையாட்டைப் பாருங்கள், எங்களுக்கு வாய்த்த மருமகன் முதல் படத்தின் பரம பக்தர். கைப்பேசி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை. அந்த இரண்டாவது படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சோறு இறங்காது.

"அரக்கனா மாமா அது? அழுமூஞ்சி! உள்ளே இருந்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

என் வீட்டுக்காரர் தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கங்க மாப்பிள்ளை" என்பார்.

போன வருடம் பரண் சுத்தம் செய்தபோது மகள் கையில் ஒரு போட்டோ சிக்கியது. சாம்பல் உடை, இடுப்பில் குடம் மாதிரி அரக்கன் தலை, மேலே சிரிக்கிற முகம். மருமகன் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"மாமா... இது யாரு?"

"நான்தான். அப்ப முடி இருந்துச்சு."

"இத்தனை வருஷமா உங்க எதிர்லயே திட்டியிருக்கேனே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க அரக்கனைத்தானே திட்டினீங்க. என்னை இல்லையே."

அதோடு விட்டிருந்தால் நிம்மதி. மருமகனும் அவர் கூட்டாளிகளும் ஒரு சின்ன அரங்கில் அந்தப் படத்தை மறுபடி போட்டு, பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் பேசவைக்கப் போகிறார்களாம். மாமா கட்டாயம் வர வேண்டுமாம். மருமகன் வாய்விட்டு எதுவும் கேட்டதே இல்லை, முதன்முதலாகக் கேட்கிறார். இவர் தலையாட்டிவிட்டார்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றேன் தனியாக.

"என்ன காரணம் சொல்றது?"

"தலைவலின்னு சொல்லுங்க."

"படம் அடுத்த மாசம். தலைவலி ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டா வரும்?" சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து குளியலறையில் பாட்டு சரியாக வரவில்லை. ஓர் அடி பாடுவார், நிறுத்துவார். நான் வெளியே நின்று காத்திருப்பேன்.

அரங்கு ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. இடது பக்கம் பிடித்தவர்கள், வலது பக்கம் பிடிக்காதவர்கள் என்று உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முதல் வரிசையில் நடு இடம் தந்தார்கள். வாசல் எங்கோ பின்னால் போய்விட்டது. கதவைச் சாத்தி, தடித் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தார்கள்.

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். சிறிது நேரம் கழித்து அடுத்ததையும் கழற்றினார். "வேண்டிக்கோ" என்றார் மெல்ல. நான் எனக்குத் தெரிந்த பிரார்த்தனை எல்லாவற்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சிறைக் காட்சி வந்தது. சாம்பல் கை சுவரை அடித்தது. அந்தக் கையை நான் அறிவேன். மண்டியிட்டதும் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் விசில். "அழுமூஞ்சி! அழுமூஞ்சி!"

அவர் எழுந்துவிட்டார். நெட்டை நிழல் திரை முழுவதும் விழுந்தது. "உட்காருங்க சார், மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். இருட்டில் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார். திரைச்சீலைக்குப் பின்னால் கைப்பிடி அகப்படவில்லை. எத்தனையோ கதவு செய்த கைக்கு அந்தக் கதவு பிடிபடவில்லை. ஓங்கி அடித்தார். படத்திலும் அடி, கதவிலும் அடி. படத்தோடு சேர்ந்த சத்தம் என்று எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது.

"கதவைத் திறங்க! உள்ளே ஆள் இருக்கு! அது நடிப்பு இல்லை, மூச்சு முட்டுது அவருக்கு! அப்பவும் முட்டிச்சு, இப்பவும் முட்டுது!"

சத்தியம் போனது. கடவுளிடம் பிறகு நான் பேசிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

நாற்காலிகளைத் தாண்டி ஓடி, கதவை இழுத்துத் திறந்தவர் மருமகன்தான். விளக்கைப் போட்டார்கள். படம் நின்றது. என் வீட்டுக்காரர் நிலைப்படியில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்து நின்று, வாயால் மூச்சு வாங்கினார். பிறகு திரும்பினார்.

"அது கண்ணீர் இல்லை தம்பி. வேர்வை. காத்தாடியை நிறுத்திட்டாங்க. வெளியே விடுங்கன்னு கத்தினேன், யாருக்கும் கேக்கலை. யார் மேலயும் தப்பு இல்லை. சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் வலது பக்கத்திலிருந்து ஒருவர், "அப்போ அரக்கன் அழவே இல்லை! நாங்க சொன்னது சரியாப் போச்சு!" என்றார். இடது பக்கத்தில் ஒரு பெண், "உயிருக்குப் போராடியிருக்கார் மனுஷன், அது அழுகையைவிடப் பெரிசு இல்லையா?" என்று பாய்ந்தாள். மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் படியேறி மேலே வந்து, மரத்தடியில் நின்று டீ குடித்தோம்.

"சத்தியத்தை உடைச்சுட்டேன்" என்றேன்.

"உடைச்சதாலதானே காத்து வந்துச்சு" என்றார்.

திரும்பும்போது மருமகன் காரில் ஏறியதும், யாரும் சொல்லாமலே நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். காற்று முகத்தில் அறைந்தது.

"மாமா" என்றார் மருமகன் பாதி வழியில். "தப்பா நினைக்காதீங்க. இப்பவும் எனக்கு அந்தக் காட்சி பிடிக்கலை."

"எனக்கும்தான் மாப்பிள்ளை" என்றார் என் வீட்டுக்காரர்.