அத்தை வாசிக்காத தீர்ப்பு

என் அத்தை உயர் நீதிமன்ற நீதிபதியாக ஓய்வு பெற்றவர். நெல்லித்தோப்பில் மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, வக்கீலாகி, முன்சீப்பாகி, படிப்படியாகச் சென்னை வரை போனவர். அவர் பேச்சை எடுத்தால் எங்கள் தெருவே ஒரு அங்குலம் உயர்ந்துவிடும். நான் இரண்டு அங்குலம்.

எனக்குப் பத்து வயதானபோது அவர் புதுச்சேரியிலேயே சார்பு நீதிபதி. என் வகுப்பில் குருசுக்குப்பத்து மீனவர் வீட்டிலிருந்து தீபா என்றொரு பெண் படித்தாள். அவர்கள் வீடு இருந்த மனை தன்னுடையது என்று ஒரு வியாபாரி வழக்குப் போட்டிருந்தார். வாதமெல்லாம் முடிந்து, புதன்கிழமை தீர்ப்பு. தோற்றால் தெருவுக்கு வந்துவிடுவோம் என்று தீபா அழுதாள். வழக்கு என் அத்தையிடம்தான் என்று தெரிந்ததும், தீர்ப்பை நானே எழுதப்போவதுபோல அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பிட வந்திருந்தார். வஞ்சிர மீன் குழம்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அத்தே, புதன்கெழம ஒங்க கிட்ட வர்ற கேஸு எங்க தீபா அப்பாவோடது. ரொம்ப நல்லவரு. அவங்க வீட்ட புடுங்கிடாதீங்க."

அத்தையின் கை சோற்றிலேயே நின்றது. அப்பா என்னை அதட்டினார். அத்தை அவரைத் தடுத்துவிட்டு, இதை யார் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்டார். நானேதான் என்றேன், பெருமையாக.

புதன்கிழமை தீர்ப்பு வரவில்லை. வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றும்படி அத்தை எழுதிக் கொடுத்துவிட்டாராம். வாதம் மறுபடி முதலிலிருந்து. தீபாவின் அப்பா வாய்தா வாய்தாவாகக் கடலுக்குப் போகாமல் கோர்ட்டுக்கு நடந்தார். நான் அத்தையிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"நீ சொன்னது என் காதுல உழுந்துடுச்சு. உழாத மாதிரி இனிமே நான் அந்த நாற்காலில ஒக்கார முடியாது" என்றார்.

ஒரு வருடம் கழித்து வேறொரு நீதிபதி தீபாவின் அப்பா பக்கமே தீர்ப்பளித்தார். தீபா வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் கொடுத்தாள். உலகத்திலேயே நல்ல நீதிபதி அவர்தான் என்று நானும் முடிவு செய்தேன்.

போன வருடம் ஏதோ பேச்சில் அந்த வழக்கு வந்தது. அப்போது என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். அத்தை சிரித்தார்.

"சனிக்கெழமயே எழுதி முடிச்சிட்டேன். தீபா அப்பாவுக்குத்தான் வீடு. நீ வந்து பேசினப்புறம் அத வாசிச்சிருந்தா, அது தீர்ப்பா இருந்திருக்காது, ஒன் சிபாரிசா ஆயிருக்கும். நானே கிழிச்சுப் போட்டேன்."

அந்த ஒரு வருடமும் தீபாவின் வீட்டார் அத்தையைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டினார்கள். யாரால் அப்படி ஆயிற்று என்று நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. அவர்களோடு சேர்ந்து நானும் திட்டினேன்.